நண்டு வளை மசோதா

நாடாளுமன்றம் மரக்காணத்துக்கு ஒரு லாரியில் வந்து இறங்கியது.

கொஞ்சம் பெஞ்சுகள், ஒரு பெரிய மேசை, முதுகு உயர்ந்த ஒரு நாற்காலி, பச்சைத் துணி ஒரு சுருள், சிவப்புத் துணி ஒரு சுருள், பள்ளிக்கூடத்தில் அடிப்பது போல ஒரு மணி. எல்லாவற்றையும் கிழக்கு உப்பளத்தின் மேட்டில் இறக்கி, மேலே கீற்றுப் பந்தல் போட்டு, நடுவில் தட்டி கட்டி இரண்டாகப் பிரித்தார்கள். பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த கலியன் பலகையை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தான். குத்தகைக்காரர் சகாயநாதன் வீட்டில் ஏதோ விசேஷம் என்று நினைத்தான். லாரியிலிருந்து ஒரு போலீஸ்காரரும் இறங்கியதும் விசேஷம் இல்லை என்று புரிந்துகொண்டான். நெருக்கடி நிலை அமலில் இருந்த வருஷம் அது. போலீஸ்காரர் வந்தால் எதற்கென்று கேட்கிற பழக்கத்தை ஊர் விட்டுவிட்டிருந்தது.

மறுநாள் காலையில் ஜீப்பில் சக்கரபாணி வந்தார். மக்களாட்சி செயல்விளக்கத் திட்டத்தின் தனி அலுவலர். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, உப்பின் வெளிச்சத்துக்குக் கறுப்புக் கண்ணாடி. அளத்து ஆட்கள் எல்லாரையும் பந்தலுக்குக் கீழே உட்காரவைத்துவிட்டுக் கேட்டார்.

"நாடாளுமன்றம்னா என்னன்னு யாருக்காவது தெரியுமா?"

உப்புக் கூடை சுமக்கிற சின்னப்பாப்பா தலையிலிருந்த சும்மாட்டை எடுத்துக்கொண்டு சொன்னாள். "நாம ஓட்டு போட்டா ஒருத்தரு டெல்லிக்குப் போவாரே, அவரு போய் உக்கார்ற எடங்க."

"இதுதான் இந்த நாட்டைப் பிடிச்ச நோய்" என்றார் சக்கரபாணி. "எதுக்கெடுத்தாலும் எங்க தண்ணி, எங்க கூலி, எங்க ரோடுன்னு கேக்கறீங்க. ஏன் கேக்கறீங்க? நாடாளுமன்றத்தோட அமைப்பும் அதிகாரமும் உங்களுக்குத் தெரியலை. தெரிஞ்சிருந்தா கேக்கவே மாட்டீங்க. கேட்டு ஒண்ணும் ஆகாதுன்னு உங்களுக்கே புரிஞ்சிருக்கும். அந்த அறிவை உங்களுக்குக் கொடுக்கத்தான் அரசாங்கம் என்னை அனுப்பியிருக்கு."

எல்லாரும் கை தட்டினார்கள். போலீஸ்காரர் முதலில் தட்டியிருந்தார்.

உப்பு மத்திய அரசின் பட்டியலில் வருகிற பொருள் என்பதால் நாடாளுமன்றத்தைச் செய்து காட்ட உப்பளமே தகுந்த இடம் என்று மேலே முடிவாகியிருந்தது. பாத்திக்குள் நின்று வாருகிற ஆண்கள் கீழே இருப்பவர்கள். ஆகவே அவர்கள் மக்களவை. அவர்களுக்குப் பச்சைத் துணி விரித்த பெஞ்சு. கரைமேல் நடந்து கூடை சுமக்கிற பெண்கள் மேலே இருப்பவர்கள். ஆகவே அவர்கள் மாநிலங்களவை. அவர்களுக்குச் சிவப்பு. மேஸ்திரி அமிர்தசாமி அவை முன்னவர், அதாவது அரசு. குடியரசுத் தலைவராகச் சகாயநாதன்.

"நான் கையெழுத்து மட்டும் போட்டா போதுமா? வேற ஒண்ணும் செய்ய வேணாமே?" என்று சகாயநாதன் கேட்டார்.

"வேற ஒண்ணும் செய்யக் கூடாது."

"அப்ப சரி" என்று அவர் வீட்டுக்குப் போய்விட்டார்.

சபாநாயகர் நாற்காலியில் சக்கரபாணியே உட்கார்ந்தார், தற்காலிகமாக. வரும்போதும் போகும்போதும் அந்த நாற்காலிக்குக் குனிந்து வணக்கம் வைக்க வேண்டும், அதில் ஆள் இல்லாவிட்டாலும். "நடிப்புன்னு நினைக்காதீங்க. இன்னையிலேர்ந்து இந்த அளத்துல எது நடக்கணும்னாலும் இந்த அவை சட்டம் போட்டாத்தான் நடக்கும். அவை கூடற நாளெல்லாம் ஆளுக்கு ஒரு டீ, ஒரு பன்."

அதன் பிறகு சபையில் ஒருவரும் அசையவில்லை. அளத்தில் நிழல் என்று ஒன்று கிடையாது. மரம் முளைக்காத மண். காலுக்குக் கீழே உப்பும் தலைக்கு மேலே வெயிலுமாக நடுவில் மனிதன் வறுபடுகிற இடம். அங்கே கீற்றுக்கு அடியில் பெஞ்சு போட்டு டீயும் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், அதற்கு நாடாளுமன்றம் என்று பெயர் வைத்தாலும் யாருக்கும் ஆட்சேபம் இருக்காது.

"முதல் பொருளை யாராவது எழுப்பலாம்" என்றார் சக்கரபாணி.

அன்று காலையில் பந்தலுக்கு வருகிற வழியில் கலியன் கிழக்குக் கரையில் ஒரு நண்டு வளையைப் பார்த்திருந்தான். மேஸ்திரியும் கூட இருந்தார். கரைக்கு அந்தப் பக்கம் கழி. கடலோடு சேர்ந்து ஏறி இறங்குகிற தண்ணீர். இந்தப் பக்கம் பாத்திகள். முதல் பாத்தி கலியனுடையது. நண்டு குடைந்த வழியில் தண்ணீர் நூல் போலக் கசிந்தது. அளத்தில் இதற்கு ஒரு வழக்கம் இருந்தது. கசிவைப் பார்த்தவன் அங்கேயே காலை ஊன்றிக்கொண்டு 'உடைப்பு' என்று கத்த வேண்டும். கேட்டவன் பகையாளியாக இருந்தாலும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடிவருவான். கரையை வெட்டி, வளை எதுவரை போகிறதென்று பார்த்து, களிமண் திணித்து மிதிப்பார்கள். யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஒரு காலை வேலை.

அத்தனை பேரும் ஒரே இடத்தில் கூடியிருக்கிறார்களே, இங்கேயே சொன்னால் நேராகப் போய் அடைத்துவிடலாம் என்று கலியன் எண்ணினான். கத்தியிருந்தால் போதும். அவன் கையைத் தூக்கினான்.

"கெழக்கு கரையில நண்டு வளை ஒண்ணு இருக்குதுங்க."

ஆட்கள் எழுந்துவிட்டார்கள். சக்கரபாணி மணியை அடித்தார்.

"உட்காருங்க! ஒரு பொருள் அவைக்கு முன்னால வந்தாச்சுன்னா, அவை முடிவெடுக்கிற வரைக்கும் வெளியே யாரும் அதைத் தொடக் கூடாது. தொட்டா உரிமை மீறல்." பிறகு முகம் மலர்ந்து, "அருமையான பொருள்! நண்டு வளை அடைப்பு மசோதா. இது இப்ப அறிமுகமாகுது" என்றார்.

போலீஸ்காரர் போய் வளைக்குப் பக்கத்தில் காவல் நின்றார். நண்டு அவரைப் பார்த்து உள்ளே போய், இன்னும் கொஞ்சம் குடைந்தது.

மறுநாள் கேள்வி நேரம். கலியன் கேட்க வேண்டிய கேள்வியைச் சக்கரபாணியே எழுதிக் கொடுத்திருந்தார். கிழக்குக் கரையில் நண்டு வளை இருப்பது அரசுக்குத் தெரியுமா என்று கலியன் எழுத்துக் கூட்டிப் படித்தான். அமிர்தசாமி எழுந்து, அவருக்கு எழுதிக் கொடுத்ததைப் படித்தார். "தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது. கிடைத்ததும் அவையின் மேசை மீது வைக்கப்படும்."

"இன்னா மேஸ்திரி, நீயும் நானுந்தான குனிஞ்சி பாத்தோம்? வெரல வுட்டுக் கூட பாத்தியே!"

"வெரல வுட்டது அமிர்தசாமிப்பா. இப்ப பேசறது அரசு. அரசு இன்னும் வுடல."

பெஞ்சைத் தட்டினார்கள். தட்டுவது அவர்களுக்குப் பிடித்துப்போயிருந்தது.

அடுத்து, நண்டைப் பற்றிச் சட்டம் போட இந்த அவைக்கு அதிகாரம் உண்டா என்ற விவாதம் வந்தது. உப்பு மத்தியப் பட்டியல். மீன்வளம் மாநிலப் பட்டியல். ஆழ்கடலில் மீன் பிடிப்பது மறுபடியும் மத்தியப் பட்டியல். நண்டு கழியிலிருந்து வந்தால் அது மாநில நண்டு. கடலிலிருந்து வந்தால் மத்திய நண்டு. இப்போது அது கரைக்குள் இருக்கிறது. சக்கரபாணி இதை இரண்டு அமர்வு விளக்கினார். உறுப்பினர்கள் பன்னை டீயில் தோய்த்துக்கொண்டு கேட்டார்கள். கலியன் மட்டும் பந்தலுக்கு வெளியே, பாத்தியில் விளைந்து வாராமல் கிடக்கிற உப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆவணி கடைசி. மழைக்கு முன்னால் வாருகிற உப்பில்தான் அவன் பங்கு இருந்தது. மழைக்காலத்தில் அளத்தில் வேலை கிடையாது. அந்தப் பங்கைத்தான் அவனும் பெண்டாட்டி திரௌபதியும் கார்த்திகை மார்கழியில் சோறாகத் தின்ன வேண்டும்.

வளையை நேரில் பார்த்து அறிக்கை தரத் தேர்வுக் குழு அமைந்தது. குழுவில் சேர எல்லாரும் விரும்பியதால் அவை முழுவதும் குழுவாயிற்று. சக்கரபாணி குடை பிடித்து முன்னே நடக்க, ஒருவன் மணியடித்துக்கொண்டு பின்னே வர, மக்களவை மொத்தமும் கிழக்குக் கரைமேல் ஏறி வளையைச் சுற்றி நின்றது. இத்தனை பேர் ஒரே இடத்தில் நின்றால் எந்தக் கரையும் அமுங்கும். குழு வந்தபோது நூலாக இருந்த கசிவு, குழு திரும்பியபோது குழாய்த் தண்ணீராக இருந்தது.

அறிக்கை வந்தது. வளை, உறுப்பினர் கலியன் கூறியதைவிடப் பெரியதாக உள்ளது. ஆகவே உறுப்பினர் அவைக்குத் தவறான தகவல் தந்திருக்கிறார். அவரை அவை கண்டிக்கிறது.

"கண்டிச்சிட்டாங்களா?" என்று கலியன் பக்கத்தில் இருந்தவனைக் கேட்டான்.

"ஆமாம்பா. நீகூட கையத் தூக்கின."

மசோதா மக்களவையில் நிறைவேறியது. கரையில் வேலை செய்பவர்களுக்கு டீ கொடுக்க வேண்டும், டீ அரசின் செலவு, ஆகவே இது பண மசோதா என்று சபாநாயகர் சான்றளித்தார். சபாநாயகர் பண மசோதா என்று சொன்னால் அது பண மசோதா. ஏன் என்று கேட்க ஆள் கிடையாது. பண மசோதாவை மாநிலங்களவை தடுக்க முடியாது, திருத்த முடியாது. பதினான்கு நாள் கையில் வைத்துக்கொள்ளலாம். அதுதான் அதன் அதிகாரம்.

அன்றைக்கு வீட்டில் கலியன் திரௌபதியிடம் சொன்னான். "நாளைக்கே கையத் தூக்கி அனுப்பிடுங்க. அமாவாசைக்குக் கடல் ஓதம் ஏறிக்கும். அதுக்குள்ள அடச்சாவணும்."

"சபையில நடக்கறத வெளிய பேசினா உரிம மீறலாம். நீ கீழ்சபை, நான் மேல்சபை. எதுனா சொல்லணும்னா செயலாளரு மூலமா சொல்லி அனுப்பு." சிரிக்கத்தான் சொன்னாள். பாதியிலேயே அவளுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. "நான் சொல்லாம இருப்பனாய்யா? சின்னப்பாப்பா வுடமாட்டேன்றா. எல்லாரும் அவ பக்கந்தான் இருக்கறாங்க."

மறுநாள் அவன் தட்டிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, இடுக்கு வழியாகச் சின்னப்பாப்பாவைக் கூப்பிட்டான்.

"ஏம்மா, ஏன் வச்சிக்கினு இருக்கறீங்க? அனுப்பிடக் கூடாதா?"

"பதினாலு நாளு வச்சிக்கலாம்னு சட்டத்துலயே இருக்குதாம்பா. ஐயாதான் சொன்னாரு. பதினாலு நாளு நெழலு! என் மூஞ்சியப் பாரு, கருவாடு மாதிரி. ஒக்காந்து ஒருத்தர் கையால டீ வாங்கிக் குடிச்சது என் கல்யாணத்துல கூட கெடயாது."

"கரை தாங்காது."

"தாங்காதுதான். தாங்கினா மட்டும் இன்னாப்பா? நீ வாருவ, நான் செமப்பேன். எனக்கு அந்தக் கரைமேல நடக்கறதத் தவிர வேற இன்னா வச்சிருக்குது?"

கலியன் தட்டியை விட்டு நகர்ந்தான். இதற்கு அரசிடம் பதில் இல்லை. ஆனால் அரசிடம் பன் இருந்தது.

அமாவாசைக்கு முந்தின நாள் கரையில் ஒரு அம்மிக்கல் அளவுக்கு மண் பிளந்து விழுந்தது. காவல் நின்ற போலீஸ்காரர் கொஞ்சம் தள்ளி நின்றார். கலியன் பந்தலுக்கு வந்தான். நாற்காலிக்கு வணக்கம் வைக்கவில்லை. அவை நடுவில் காலை ஊன்றி நின்று, வயிற்றிலிருந்து கத்தினான்.

"உடைப்பு!"

இரண்டு அவையும் எழுந்துவிட்டது. தட்டி சரிந்தது. பாதிப் பேர் மண்வெட்டி எங்கே என்று பந்தலுக்கு வெளியே ஓடினார்கள். அமிர்தசாமியே வேட்டியை மடித்துக் கட்டிவிட்டார். சக்கரபாணி மணியை விடாமல் அடித்தார். போலீஸ்காரர் லத்தியோடு ஓடிவந்து குறுக்கே நின்றார். ஓடினவர்கள் நின்றார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். திரும்பி வந்து, நாற்காலிக்குக் குனிந்து வணக்கம் வைத்து, உட்கார்ந்தார்கள். கத்தலுக்கு ஓடுகிற பழக்கம் பழையது, பயம் புதியது. புதியது ஜெயித்தது.

கலியனை உப்புக் கிடங்கில் போட்டுப் பூட்டினார்கள்.

"இன்னா குத்தங்க செஞ்சேன்?"

"அதைச் சொன்னா நாட்டோட பாதுகாப்புக்கு ஆபத்து" என்றார் சக்கரபாணி. பிறகு பந்தலுக்குத் திரும்பி, கலியன் உட்கார்ந்திருந்த காலி பெஞ்சைத் திருப்தியோடு பார்த்தார். "இவ்வளவு நாள் எதிர்க்கட்சி இல்லையேன்னு எனக்கு ஒரு குறை இருந்தது. இப்ப நம்ம அவை முழுமையாயிடுச்சு. டெல்லியில எப்படியோ, இங்கேயும் அப்படியே."

கிடங்கு மேட்டில் இருந்தது. பலகை இடுக்கில் கண்ணை வைத்தால் கிழக்குக் கரை தெரியும். அமாவாசை அன்று வெயில் ஏறி வருகிற நேரத்தில் கழி ஊதிக்கொண்டு வந்தது. வளை இருந்த இடத்தில் கரை உட்கார்ந்தது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. தண்ணீர் முதலில் கலியனின் பாத்திக்குள் இறங்கி, வரப்பை ஏறி, அடுத்ததில் இறங்கியது. அவன் கதவை உதைத்தான். பெயர் சொல்லி ஒவ்வொருவராகக் கூப்பிட்டான். திரௌபதி பெயரையும் சொன்னான். அவையில் அப்போது பேசிக்கொண்டிருந்தது அவன் காதிலும் விழுந்தது.

"ஐயா, தண்ணி வந்துட்டுதுங்க!" இது அமிர்தசாமி.

"அவசரப் பொருளா? ஒத்திவைப்புத் தீர்மானம் கொண்டுவாங்க. அதுக்கு முன்னறிவிப்பு வேணும். கொடுத்திருக்கீங்களா?"

"இல்லீங்க."

"அப்ப தண்ணி அவைக்குறிப்பில் ஏறாது."

தண்ணீர் மேட்டிலும் ஏறிப் பெஞ்சுகளுக்கு அடியில் வந்தபோது உறுப்பினர்கள் காலை மேலே தூக்கிக்கொண்டார்கள். மாநிலங்களவை அந்த நேரத்தில் மசோதாவைத் திருப்பி அனுப்பியது, ஒரு திருத்தமும் இல்லாமல். சக்கரபாணி ஜீப்பில் சகாயநாதன் வீட்டுக்குப் போய், சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம் கையெழுத்து வாங்கினார். நண்டு வளை அடைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதற்குள் குவித்து வைத்திருந்த உப்பின் அடி கரைந்து, குவியல்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. கடலிலிருந்து எடுத்தது கடலுக்கே போயிற்று என்று சொல்லலாம். நடுவில் ஒரு வருஷத்து முதுகு போயிற்று என்பதை எந்தப் பட்டியலில் சேர்ப்பது என்று தெரியவில்லை.

தண்ணீர் இரண்டு நாளில் வடியவில்லை. மூன்றாம் நாள் அவை கூடியபோது சக்கரபாணி பேசினார்.

"இந்தச் சட்டம் நூத்துக்கு நூறு வெற்றி. கிழக்குக் கரையில இப்ப ஒரு வளை கூடக் கிடையாது."

"கரையே இல்லீங்களே" என்றார் அமிர்தசாமி.

"வளையே இல்லாத நிலைமையை இந்தத் தாலுக்காவுல வேற யாரு கொண்டுவந்தாங்க, சொல்லுங்க."

பெஞ்சைத் தட்டினார்கள். முன்பு போலச் சத்தம் வரவில்லை, மரம் ஊறியிருந்தது.

"இப்ப அடுத்த பொருள். நெருக்கடி நிலை இருக்கிறப்ப அவை தன் ஆயுளைத் தானே ஒரு வருஷம் நீட்டிக்கலாம்னு அரசியலமைப்புல இருக்கு. டெல்லியில நீட்டிக்கிட்டாங்க. இங்கே நெருக்கடி இல்லைன்னு யாராவது சொல்ல முடியுமா?" தண்ணீரைக் கையால் காட்டினார். "வெள்ள நிவாரணமா அரிசி வந்திருக்கு. அது அவை மூலமாத்தான் விநியோகம். தீர்மானத்தை ஆதரிக்கிற ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒரு படி. அவை இல்லைன்னா அரிசி திரும்பிப் போயிடும்."

தீர்மானத்துக்கு ஒரு சிக்கல் இருந்தது. எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறினால் மேலே பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? ஆகவே கலியனைக் கிடங்கிலிருந்து கூட்டிவந்து அவன் பழைய பெஞ்சில் உட்காரவைத்தார்கள். உதட்டில் உப்பு படிந்திருந்தது. சக்கரபாணி குனிந்து அவன் காதில் மரியாதையாகச் சொன்னார்.

"நான் கேக்கறப்ப நீங்க எழுந்து இல்லைன்னு சொல்லணும். அவ்வளவுதான். யாரும் ஒண்ணும் செய்ய மாட்டாங்க. சுதந்திரமா சொல்லுங்க."

ஆதரிப்போர் என்று கேட்டதும் இரண்டு அவையிலும் கைகள் எழுந்தன. சின்னப்பாப்பாவின் கை எழுந்தது. சாய்ந்த தட்டிக்கு மேலே திரௌபதியின் கையும் எழுந்தது. அவள் கையைத் தூக்கிக்கொண்டே கலியனைப் பார்த்தாள். வீட்டில் அடுப்பு எரிந்து எத்தனை நாள் ஆகியிருக்கும் என்பதை அவள் முகம் சொன்னது. வெளியே அவன் பாத்தி எது, பக்கத்துப் பாத்தி எது என்று தெரியாமல் தண்ணீர் ஒரே மட்டமாக நின்றது.

"எதிர்ப்போர்?"

கலியன் எழுந்தான். இந்த அவை இன்றைக்கே இடிந்து விழ வேண்டும் என்றுதான் கிடங்கில் கிடந்து நினைத்துக்கொண்டிருந்தான். அதைச் சொல்ல அரசாங்கமே அனுமதியும் கொடுத்துவிட்டது. வாயைத் திறந்தான்.

"ஆமாங்க" என்றான். "நானும் ஆமாந்தாங்க. எனக்கும் ஒரு படி போடச் சொல்லுங்க."

சக்கரபாணி கண்ணாடியைக் கழற்றி அவனைப் பார்த்தார். கோபம் இல்லை, அலுப்புதான். "ஒரு எதிர்க்கட்சி வேலையைக் கூட உங்களால ஒழுங்கா செய்ய முடியலை" என்று சொல்லிவிட்டு, மேசைப் பக்கம் திரும்பினார். "எதிர்ப்பு ஒண்ணு. கலியன். தீர்மானம் நிறைவேறியது."

அமிர்தசாமி வரிசையாக அரிசி அளந்து போட்டார். கலியன் துண்டை விரித்துக்கொண்டு நின்றான். அமிர்தசாமி படியைச் சாக்கில் விட்டார், எடுக்கவில்லை.

"ஒனக்கு இல்லப்பா. எதிர்ப்புன்னு ஆயிடுச்சி. நான் போட்டா என் படியும் போயிடும்."

திரௌபதி தன் படியை முந்தானையில் முடிந்துகொண்டு அவன் துண்டைப் பிடித்து இழுத்தாள். "நட. இத வச்சிக் கஞ்சி காச்சலாம்."

அவன் நகரவில்லை. சக்கரபாணி ஜீப்பில் ஏறப் போனவர் அவனைப் பார்த்துத் திரும்பி வந்து, கையைப் பிடித்துக் குலுக்கினார். "தப்பா நினைக்காதீங்க. உங்களை மாதிரி ஒருத்தர் இருக்கறதாலதான் இதை ஜனநாயகம்னு நான் மேலே எழுத முடியுது. நாளைக்கும் தவறாம வந்துடுங்க. இன்னும் ஒரு வருஷம் இருக்கு."

கலியன் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

"நாளைக்கு நான் எதுக்குங்க இல்லன்னு சொல்லணும்?"

"அதை நாங்க காலையில சொல்லிடுவோம்."